மாவோடு போட்ட எடை

தயாளன் சார் கல்யாணத்துக்குப் போய் வந்தால் சாப்பாடு எப்படி இருந்தது என்று அவரிடம் யாரும் கேட்கக் கூடாது. அவர் பார்ப்பதெல்லாம் கிளம்பும்போது கையில் கொடுக்கிற தாம்பூலப் பையைத்தான். துணிப்பை என்றால் முகம் மலர்ந்துவிடும். பிளாஸ்டிக் என்றால் தேங்காயை மட்டும் எடுத்துத் தன் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, வெறும் பையைக் கொடுத்தவர் கையிலேயே திரும்ப வைத்துவிடுவார். பெண்ணைப் பெற்றவன் மூன்று நாளாகத் தூங்காமல் கண் சிவந்து நிற்பான். அவனைப் பிடித்து வைத்துக்கொண்டு மண்ணில் மக்காத பொருள்களைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவார். நல்ல மனுஷன்தான், இல்லை என்று யார் சொன்னது? நல்ல மனுஷனோடு கல்யாணத்துக்குப் போவது கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதான்.

உத்தியோகம், மேற்குத் தாம்பரம் பக்கம் சுகாதார ஆய்வாளர். வயது ஐம்பத்துநாலு. மனைவி ஞானஜோதி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீடு முடிச்சூரில். அவருக்கும் பிளாஸ்டிக் கவருக்கும் பகை மூண்டது இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பரில். வெள்ளம் நெஞ்சளவு ஏறி, இரண்டு பேரும் பக்கத்து வீட்டு மாடியில் மூன்று நாள் பிஸ்கட் தின்று கிடந்தார்கள். ஆற்றில் தண்ணீர் வடிந்த பிறகும் தெருவில் மட்டும் வடியவில்லை. தயாளன் மழைநீர்க் கால்வாயில் தோள் வரைக்கும் கையை விட்டு இழுத்தார். கவர். மறுபடி இழுத்தார், மறுபடியும் கவர். இரண்டு கோணிப்பை நிறைந்ததும்தான் தண்ணீர் களகளவென்று இறங்கியது. வீட்டுக்குள் போனால் முப்பது வருஷத்துப் போட்டோக்கள் கூழாகிக் கிடந்தன. ஞானஜோதி அழவில்லை, இவர் அழுதார்.

அன்றைக்கு அவர் எடுத்த சபதத்தில் தப்புச் சொல்ல எதுவுமில்லை. கவர் கெட்டது, கால்வாய் அடைக்கும், மாடு தின்றால் சாகும். நியாயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறவன் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் தகராறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனுஷனுக்குக் கை சுத்தம். ரெய்டுக்குப் போன கடையில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அவருக்கு முன்னால் இருந்த ஆய்வாளர் கவர் வாங்கினார், இவர் கவரைப் பிடுங்குகிறார் என்று கடைத்தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். அது தன்னைப் பாராட்டுவது என்றே தயாளன் எடுத்துக்கொள்வார்.

பேபி இருந்தது கடப்பேரியில். தனிக்கட்டை, நாற்பத்தாறு வயசு. புருஷன் லாரி ஓட்டி விபத்தில் போனபின், வீட்டை ஒட்டி ஷட்டர் போட்ட ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, இரண்டு கிரைண்டர் வாங்கி இட்லி மாவு அரைத்து விற்றாள். பதினோரு வருஷமாக அந்த வட்டாரத்தின் காலைப் பலகாரம் அவள் கையில்தான். மின்சார ரயிலில் வந்து இறங்கி, வியர்த்து வழிந்துகொண்டு வீட்டுக்குப் போகிற சனம் வழியில் நின்று ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போகும். கிண்டிக்கு வேலைக்குப் போகிறவன் காலையிலேயே தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டா ரயிலேறுவான்? ஆகவே கவர்.

ஞானஜோதி மட்டும் எவர்சில்வர் தூக்கில் வாங்குவாள். வீட்டுக்குள் கவர் வந்தால் பிரளயம். தவிரவும் பேபி இவர்கள் போகிற அதே கிறிஸ்தவக் கோயிலுக்கு வருகிறவள். மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற திருவிருந்து ஆராதனை முடிந்ததும், கவனிக்க ஆளில்லாத வயசானவர்களுக்குக் கோயில் வளாகத்தில் இட்லி போடுவார்கள். அந்த மாவு பேபியின் காணிக்கை. அதற்கென்று கோயில் அண்டா ஒன்று அவளிடம் எப்போதும் இருக்கும்.

தயாளன் அவளை இரண்டு தடவை எச்சரித்தார். முதல் தடவைக்குப் பிறகு, பாத்திரம் கொண்டு வந்தால் இரண்டு ரூபாய் குறைவு என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள். பத்தில் இரண்டு பேர் கொண்டு வந்தார்கள். மக்கும் கவர் என்று எவனோ விற்றதை நம்பி ஒரு கட்டு வாங்கி வைத்தாள்; இரண்டாம் தடவை வந்த தயாளன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு இதுவும் தடைதான் என்றார். அப்போதுதான் அவள் கேட்டாள்.

"மாவ மஞ்சப்பைல ஊத்திக் குடுக்க முடியுமா சார்?"

தயாளனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கிண்டலாகக் கேட்கவில்லை, வழி தெரியாமல் கேட்டாள். அண்ணாச்சி கடை ஃபிரிட்ஜில் கம்பெனி மாவு பிளாஸ்டிக்கில்தானே தொங்குகிறது என்றும் கேட்டாள். அது இயந்திரத்தில் ஒட்டி, பேர் அச்சடித்து வருவது, அதற்கு விதி வேறு என்று, தனக்கு மேலே உள்ளவர்கள் விளக்கியபடியே அவளுக்கு விளக்கினார். ராத்திரி வீட்டில் மஞ்சப்பை மாவை ஒரு வேடிக்கையாகச் சொன்னார். ஞானஜோதி சிரிக்கவில்லை.

இது இப்படியிருக்க, அலுவலகத்தில் புதிதாக ஓர் ஏற்பாடு வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் கூட்டம். சுவரில் பெரிய திரை. அதில் ஒவ்வொரு வார்டும் ஒரு கட்டம். அந்த வாரம் பறிமுதல் செய்த பிளாஸ்டிக்கின் எடையைப் பொறுத்துக் கட்டம் பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும். மண்டல அதிகாரி ஸ்ம்ருதி மேடம் சின்ன வயசு, ராப்பகலாக உழைக்கிற பெண், யாரையும் கடிந்து பேச மாட்டார். ஆனால் சிவப்புக் கட்டத்தின் மேல் அவர் கண் இரண்டு விநாடி கூடுதலாக நிற்கும். அது போதாதா?

மே மாதம் மூன்று வாரமும் தயாளனின் வார்டு சிவப்பு. வேடிக்கையைப் பாருங்கள். ஒன்றரை வருஷமாகத் தெருத்தெருவாக அலைந்து கவரை ஒழித்த வார்டு அது. பிடிப்பதற்குக் கவர் இல்லை. எந்த நடவடிக்கையும் எடுக்காத பக்கத்து வார்டில் வாரத்துக்கு நாற்பது கிலோ கிடைக்கிறது, அது பச்சை. களையைப் பிடுங்கிப் போட்டவன் தோட்டத்தில் களை எங்கே என்று கேட்டால் அவன் எங்கே போவான்? இதைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். சாக்குச் சொல்கிற மாதிரி அவர் காதுக்கே கேட்டது. மாதம் முடியும் முன் ஒரு நல்ல ரெய்டு வேண்டும் சார், என்றார் மேடம்.

மே முப்பத்தொன்று சனிக்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கு தயாளன் தனக்குக் கீழே வேலை பார்க்கிற துப்புரவு மேற்பார்வையாளர் சேட்டுவையும் கூட்டிக்கொண்டு பேபியின் கடைக்குப் போனார். மறுநாள் ஞாயிறு என்பதால் இரட்டிப்பு வியாபாரம். மேஜை மேல் ஐம்பத்தெட்டு பாக்கெட் கட்டி அடுக்கி வைத்திருந்தாள். உள்ளே இரண்டு அண்டா நிறைய அப்போதுதான் அரைத்து உப்புப் போட்டு வைத்த மாவு. அதில் ஒன்று கோயில் அண்டா.

கவர் கட்டு ஏதும் அகப்படவில்லை. அன்றைக்கு வாங்கியதை அன்றைக்கே தீர்த்துவிடுவாள். ஆகப் பிடிபட்டது பாக்கெட்டாகக் கட்டிய அந்த ஐம்பத்தெட்டு கவர்தான். சேட்டு கொக்கித் தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். இருபது வருஷம் குப்பையில் வேலை பார்த்தவன், எடை தெரிந்தவன்.

"இன்னா சார் பண்றது? மாவ கொட்டிட்டு வெறுங்கவர போடவா, அப்டியே போடவா?"

தயாளன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்குள் எடையும் போட்டோவும் ஏற்ற வேண்டும். திரையில் சிவப்புக் கட்டம் கண்ணில் வந்து நின்றது.

"அப்படியே போடு," என்றார்.

இரண்டே வார்த்தை. மூன்று தடவையாகத் தொங்கவிட்டு எடை போட்டார்கள். ஐம்பத்தெட்டு கிலோ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் ஐம்பத்தெட்டு கிலோ மாவைக் கவருக்குள் மறைத்தார். போனில் எண்ணைத் தட்டினார், போட்டோவை ஏற்றினார். உடனே போன் ஒரு நோட்டீசை எழுதிக் காட்டியது. அந்த அலுவலகத்து நடைமுறையில் ஐம்பது கிலோவைத் தாண்டினால் எச்சரிக்கை, அபராதம் என்று படிப்படியாக ஏறுகிற பேச்சே கிடையாது. நேராகப் பூட்டு.

இது தனக்கு அந்த நேரம் தெரியாது என்று பிற்பாடு ஞானஜோதியிடம் சொன்னார். தெரியும். தட்டும்போதே தெரியும். திங்கட்கிழமை போய்ச் சரிசெய்து கொள்ளலாம் என்று நினைத்தார்.

பேபி கத்தவில்லை, மண் வாரித் தூற்றவில்லை. உள்ளே இருக்கிற மாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், கோயில் மாவும் அதில்தான் இருக்கிறது என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். பூட்டுகிற இடத்தில் உள்ள பொருளைத் தொட விதி இல்லை. திங்கட்கிழமை பார்க்கலாம்மா என்று சொல்லிவிட்டு, ஷட்டரை இறக்கி, பூட்டுப் போட்டு, அரக்கு வைத்தார் தயாளன். அரக்கு சரியாக ஒட்டியதா என்று குனிந்து பார்த்ததையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

மே மாதத்துப் புழுக்கம். மூடிய அறை. இரண்டு அண்டா நிறைய மாவு. அது இன்னது செய்யும் என்று இட்லி சாப்பிடுகிற குழந்தைக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி ஆராதனைக்கு ஸ்கூட்டரில் புருஷனும் பெண்ஜாதியும் கிளம்பினார்கள். போகிற வழிதான் கடப்பேரி. ஷட்டருக்கு அடியிலிருந்து மாவு பொங்கி வெளியே வந்திருந்தது. படியில் இறங்கி, தெருவில் பரவி, மழைநீர்க் கால்வாயின் சல்லடைக்குள் வெள்ளை வெளேரென்று வழிந்துகொண்டிருந்தது. நாலு நாய் நக்கிக்கொண்டு நின்றன. எந்தக் கால்வாய் அடைபடக் கூடாது என்று இந்த மனுஷன் பத்து வருஷமாக நாயாய் அலைந்தாரோ அதே கால்வாய். பேபி ஒரு வாளித் தண்ணீரும் விளக்குமாறுமாகத் தெருவைக் கழுவிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"ஸ்தோத்திரம் சார். ஸ்தோத்திரம் டீச்சர்," என்றாள், எல்லா ஞாயிறும் சொல்கிற மாதிரி.

ஞானஜோதி வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். திருவிருந்து ஞாயிறுக்கென்று உடுத்தியிருந்த வெள்ளைப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரில் சாய்த்திருந்த இன்னொரு விளக்குமாற்றை எடுத்தாள். தயாளன் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் என்ன செய்யட்டும் என்று கேட்க நினைத்தார். கேட்டால் அவள் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது.

கோயிலில் திருவிருந்துக்கு ஒவ்வொரு வரிசையாக எழுந்து பீடத்துக்குப் போனார்கள். அவருடைய வரிசை எழுந்தபோது தயாளன் எழவில்லை. பிறருக்குச் செய்த குற்றம் தீராமல் அந்த அப்பத்தை வாங்கக் கூடாது என்று பழகியவர். முழங்காலை ஒடுக்கிக்கொண்டு மற்றவர்களுக்கு வழி விட்டார். ஞானஜோதி ஈரப் புடவையோடு அவரைக் கடந்து போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. ஆராதனை முடிந்து வளாகத்தில் வயசானவர்களுக்கு ஆளுக்கு ஒரு பன்னும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். பல் இல்லாத ஒரு கிழவர் இட்லி இல்லையா என்று கேட்டார். அடுத்த மாசம் தாத்தா, என்று யாரோ சொன்னார்கள்.

திங்கட்கிழமை காலை முதல் ஆளாக மேடத்தின் அறைக்குப் போனார். போகும்போது சொல்லிவிடுவது என்றுதான் போனார், அது சத்தியம். மேடம் எழுந்து நின்று கை கொடுத்தார். ஒரே ரெய்டில் ஐம்பத்தெட்டு கிலோ, மண்டலத்திலேயே முதல் இடம், வியாழக்கிழமை சுற்றுச்சூழல் தின விழாவில் உங்களுக்குத்தான் சான்றிதழ் என்றார். திரையில் அவர் வார்டு பச்சைப் பசேலென்று இருந்தது. தயாளன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பாவப்பட்ட பொம்பளை மேடம், பூட்டை மட்டும் எடுத்துவிட முடியாதா என்று கேட்டார். ஐம்பதுக்கு மேல் போனால் குழு விசாரித்துத்தான் எடுக்க முடியும், அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றார் அவர். பிறகு ஏதோ தோன்றியவர் போலக் கேட்டார்.

"எடையில ஏதாவது தப்பு ஆயிருந்தா நீங்க எழுதிக் கொடுங்க, நான் இன்னைக்கே கேன்சல் பண்ணிடறேன். தப்பா சார்?"

"இல்ல மேடம்," என்றார் தயாளன்.

இப்படி ஒரு வாய். கேட்காத இடத்தில் இரண்டு நிமிடம் பேசுகிற வாய், கேட்ட இடத்தில் இரண்டு வார்த்தையோடு மூடிக்கொண்டது.

வியாழக்கிழமை மேடை ஏறினார். சான்றிதழ், ஒரு புங்கங்கன்று, ஒரு மஞ்சப்பை. கீழே சேட்டுதான் பலமாகக் கைதட்டினான். மறுநாள் பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கத்தில் அவர் படத்தோடு ஐம்பத்தெட்டு கிலோவும் வந்தது. ஞானஜோதி அதை ஒரு தடவை வாசித்தாள், மடித்தாள், பீரோவில் வைத்தாள். சான்றிதழை எங்கே மாட்டலாம் என்று இவர் கேட்டதற்கு, ஆணி இல்லை என்றாள்.

அதற்குப் பிறகு தயாளன் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. பேபிக்காக விசாரணைக் குழுவுக்குத் தன் கையாலேயே மனு எழுதிக் கொடுத்தார். விசாரணை இரண்டு தடவை தள்ளிப் போயிற்று. ஆலைக்குப் போகிறவன் போல விடியுமுன் எழுந்து உட்கார்ந்துகொள்வார். கடப்பேரி வழியாகப் போவதை விட்டு, ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிறவன் இப்படித்தான் ஓட வேண்டியிருக்கும். ஜூலை முதல் ஞாயிறும் பீடத்துக்குப் போகவில்லை. வயசானவர்களுக்கு அன்றைக்கும் பன்தான். பேபியைக் கோயிலில் காணவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் இட்லி சாப்பிட்டுக் கை கழுவப் போனவர், குப்பைக் கூடையில் ஒரு பாக்கெட்டைப் பார்த்தார். நல்ல கெட்டிப் பிளாஸ்டிக். மேலே ஒரு பெண் தட்டில் இட்லியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷத்தில் அந்த வீட்டுக்குள் அவர் கண்ணில் பட்ட முதல் கவர். அதை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். என்ன இது என்று கேட்டார்.

"மாவு பாக்கெட். தடை இல்லாதது," என்றாள் ஞானஜோதி. "படப்பையில கம்பெனி. பேபி இப்ப அங்கதான் வேலை பாக்குறா. காலைல அஞ்சு மணிக்கு வேன் வருது. தலைக்குத் தொப்பி போட்டுக்கிட்டு நாள் முழுக்க கவர்ல மாவு அடைக்கிறா. நீங்க இப்ப சாப்பிட்ட இட்லி அவ அடைச்சதாக் கூட இருக்கலாம்."

தயாளன் பாக்கெட்டைக் கையிலிருந்து விடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த ஐம்பத்தெட்டு கிலோ, என்று ஆரம்பித்தார். முடிக்க வரவில்லை. சேட்டு கேட்டான், நான் அப்படியே போடச் சொன்னேன், என்றார். அழுகை வந்துவிட்டது. வெள்ளத்துக்கு அழுத மாதிரி அழுகிற அழுகை இல்லை இது. கெட்ட பேர் வந்துவிடக் கூடாதே என்று ஐந்து வாரம் அடக்கி வைத்த அழுகை, அதனால் அசிங்கமாக இருந்தது.

ஞானஜோதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"நான் கணக்கு டீச்சருங்க. அம்பத்தெட்டு பாக்கெட் போச்சுன்னு பேபி சொன்னா. அம்பத்தெட்டு கிலோன்னு பேப்பர்ல வந்துச்சு. எத்தன நாளு கழிச்சு சொல்றீங்கன்னு பாத்துட்டிருந்தேன்."

எழுந்து போய் பீரோவிலிருந்து அந்தப் பத்திரிகைத் துண்டையும் ஒரு காலிக் கவரையும் கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டில் பேபியிடம் எப்போதோ வாங்கிய மாவுக் கவர். அதைப் பள்ளிக்கூடத்து வேதியியல் தராசில் எடை போட்டிருந்தாள். மூன்றரை கிராம். ஐம்பத்தெட்டால் பெருக்கினால் இருநூற்று மூன்று கிராம். பத்திரிகையின் ஓரத்திலேயே பென்சிலால் கணக்குப் போட்டுக் கீழே கோடு இழுத்திருந்தாள். தேதியும் போட்டிருந்தாள். ஜூன் ஆறு.

அன்றைக்கே எழுதினார். ஐம்பத்தெட்டு கிலோ என்று கண்டிருப்பதை இருநூற்று மூன்று கிராம் எனத் திருத்தி வாசிக்க வேண்டும், தவறு முழுவதும் என்னுடையது, மேற்பார்வையாளர் என் சொற்படியே செய்தார் என்று எழுதி, சான்றிதழையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். ஸ்ம்ருதி மேடம் அதை இரண்டு தடவை வாசித்தார். "நான் கேட்டேனே சார்," என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுத் திரையின் பக்கம் பார்த்தார். எல்லாக் கட்டத்தையும் இனி எந்தக் கண்ணால் பார்ப்பது என்று யோசித்தாரோ என்னவோ. மெமோ வந்தது, வருடாந்திர சம்பள உயர்வு நின்றது, ஆய்வாளரைப் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதுகிற மேஜைக்கு மாற்றினார்கள். வார்டு மறுபடி சிவப்பானது. இதற்கெல்லாம் தயாளன் வருத்தப்படவில்லை. தண்டனை வந்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. பாவம்.

பூட்டைத் திறக்க உத்தரவு வந்தபோது ஜூலை மூன்றாவது வாரம். தானே போய்த் திறப்பேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பேபிக்கு வார விடுமுறை புதன்கிழமை, ஆகவே புதன்கிழமை போனார். அரக்கை உடைத்து ஷட்டரைத் தூக்கினார். உள்ளிருந்து அடித்த நாற்றத்தில் இரண்டு பேரும் தெருவுக்கு வந்து நின்றார்கள். நாற்றம் கொஞ்சம் ஆறினதும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். தரையெல்லாம் மாவு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அண்டாக்களில் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை. கிரைண்டரின் பெல்ட்டை எலி தின்றிருந்தது, இன்னொன்றின் மோட்டாருக்குள் மாவு இறங்கித் துருவேறிக் கிடந்தது. சுவரில் அந்த அட்டை மட்டும் அப்படியே தொங்கியது. பாத்திரம் கொண்டு வந்தால் இரண்டு ரூபாய் குறைவு.

பேபி எதையும் தொடவில்லை. இந்த மாதத்தோடு அறையை வீட்டுக்காரரிடம் ஒப்படைக்கப் போவதாகச் சொன்னாள். பழைய வாடிக்கையெல்லாம் கம்பெனி மாவுக்குப் பழகிவிட்டது, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கத் தெம்பு இல்லை என்றாள். கிரைண்டர் இரண்டையும் நான் சரிசெய்து தருகிறேன் என்றார் தயாளன். வேண்டாம் சார் என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள், அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. எத்தனையோ நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொல்லிவிட்டார்.

"நான்தாம்மா மாவையும் சேர்த்து எடை போடச் சொன்னேன். இல்லாட்டி இந்தப் பூட்டே வந்திருக்காது."

"தெரியும் சார். சேட்டு அண்ணன் அன்னிக்கி சாய்ங்காலமே வூட்டுக்கு வந்து சொல்லிச்சு."

தயாளன் படியில் உட்கார்ந்தார். தெரிந்தும் ஏன் என்னிடம் வந்து கேட்கவில்லை என்றார். பேபி கொஞ்சம் யோசித்தாள். அவரை நோகடிக்க வேண்டுமென்று சொல்கிற முகமாக இல்லை.

"முன்னாடி இருந்த சார் துட்டு வாங்கினு போவாரு. அவருகிட்ட சண்ட போடுவேன், கெஞ்சுவேன், எதுனா சொல்லி கொறைப்பேன். நீங்க நல்லவரு சார். நல்லவருகிட்ட போய் இன்னான்னு கேக்கறது?"

சொல்லிவிட்டுச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். நாளைக்குக் காலை ஐந்து மணி வேனுக்குப் போக வேண்டும், துணி துவைக்கிற வேலை கிடக்கிறது என்றாள். வீட்டு வாசல் வரைக்கும் போனவள் நின்று, அந்த ஓரத்து அண்டா கோயிலுடையது, அதை மட்டும் கழுவிக் கொடுத்துவிடுங்கள் சார் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தயாளன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தெருக் குழாயடியில் உட்கார்ந்தார். காய்ந்த மாவு அவ்வளவு சீக்கிரம் விடாது. கரண்டியால் சுரண்டினார், பிறகு மணல் போட்டுத் தேய்த்தார், பிறகு நகத்தால் கிள்ளினார். போகிற வருகிறவர்கள் கவர் சார் என்ன செய்கிறார் என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் அண்டாவை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக் கோயில் சமையல்கட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆகஸ்ட் முதல் ஞாயிறு அதே அண்டாவில் கம்பெனி பாக்கெட்டுகளை வெட்டி ஊற்றி வயசானவர்களுக்கு இட்லி போட்டார்கள். அன்றைக்கும் திருவிருந்துக்கு அவருடைய வரிசை எழுந்தது. தயாளன் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு மற்றவர்களுக்கு வழி விட்டார்.